வேலை தேடும் இளைஞர்களுக்கான அரசுப் பயிற்சிகளும் வழிகாட்டலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் படிப்பை முடித்துவிட்டோ பாதியில் நிறுத்திவிட்டோ வேலை தேடும் பிள்ளைகளும் அவர்களின் பெற்றோரும் மறுபடி மறுபடி கேட்கும் சந்தேகங்கள் இவை. அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறோம். வயது வரம்பும் தொகையும் அரசாணைக்கு அரசாணை மாறக்கூடியவை. அதனால் விண்ணப்பிக்கும் முன் உங்கள் மாவட்ட அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ்ல இன்னும் பதியணுமா? அதனால என்ன பிரயோஜனம்?

பதியுங்கள். ஒரு பைசா செலவில்லை. அந்த அலுவலகத்தின் இன்றைய பெயர் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம். சில அரசுப் பணியிடங்களுக்கு இன்றும் பதிவு மூப்புப் பட்டியல், அதாவது யார் முன்னால் பதிந்தார் என்ற வரிசை, கேட்கிறார்கள். வேலையில்லாதோர் உதவித்தொகைக்குப் பதிவு கட்டாயம். அந்த அலுவலகமே நடத்தும் இலவசப் போட்டித்தேர்வு வகுப்புகளும் தனியார் வேலைவாய்ப்பு முகாம்களும் உங்கள் காதுக்கு எட்டுவதும் அங்கிருந்துதான்.

ஆனால் அரசு வேலை அந்தப் பதிவின் வழியாகவே வந்துவிடும் என்று இருக்காதீர்கள். வேலைவாய்ப்பு அலுவலகப் பட்டியலோடு நிற்காமல் பொது அறிவிப்பும் கொடுத்து ஆள் எடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-லேயே சொல்லிவிட்டது. இன்று பெரும்பாலான இடங்கள் டிஎன்பிஎஸ்சி, சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம், ஆசிரியர் தேர்வு வாரியம், மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ஆகியவை நடத்தும் தேர்வுகளால் நிரப்பப்படுகின்றன.

எப்படிப் பதியறது? நேர்ல போய் வரிசையில நிக்கணுமா?

வேண்டாம். வேலைவாய்ப்புத் துறையின் இணையதளத்திலேயே பதியலாம். ஆதார், மதிப்பெண் சான்றிதழ்கள், சாதிச் சான்றிதழ், குடும்ப அட்டை, உங்கள் பெயரில் உள்ள கைபேசி எண் இவை கையில் இருக்கட்டும். முதுநிலைப் பட்டமும் பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்கல்விப் பட்டமும் படித்தவர்களுக்குச் சென்னையிலும் மதுரையிலும் உள்ள தொழில் மற்றும் செயல் வேலைவாய்ப்பு அலுவலகங்களில் பதிவு.

இங்கே அதிகம் நடக்கும் தவறு இரட்டைப் பதிவு. பத்தாம் வகுப்பு, பிளஸ் 2 முடிவு வரும் சமயத்தில் பள்ளியிலேயே பதிந்திருப்பார்கள். பிள்ளைக்கு அது நினைவிருக்காது. ஐந்தாறு ஆண்டு கழித்து புதிதாகப் பதிந்தால் பழைய மூப்பு வீணாகிவிடும். பழைய எண்ணைக் கண்டுபிடித்து அதிலேயே டிகிரியைக் கூடுதல் கல்வித் தகுதியாகச் சேருங்கள். எந்தத் தகுதியை எந்த நாளில் சேர்த்தீர்களோ அந்த நாளிலிருந்துதான் அந்தத் தகுதிக்கான மூப்பு. பட்டச் சான்றிதழ் வரட்டும் என்று ஒத்திப்போடுகிற ஒவ்வொரு மாதமும் நஷ்டம்தான்.

ரினியூவல் பண்ண மறந்துட்டேன். போச்சா?

பதிவை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அடையாள அட்டையில் போட்டிருக்கும் மாதமும் அதற்கடுத்த இரண்டு மாதமும் அவகாசம். மார்ச் என்று இருந்தால் மே முடிவதற்குள் முடித்துவிட வேண்டும். அதையும் தாண்டினால் பதிவு காலாவதி. மறுபடி பதியலாம், ஆனால் மூப்பு அன்றிலிருந்துதான் தொடங்கும்.

ஒரு வழி எப்போதாவது திறக்கும். தவறவிட்டவர்களுக்கு அரசு சிறப்புப் புதுப்பித்தல் சலுகை அறிவிப்பதுண்டு. 2017 முதல் 2019 வரை புதுப்பிக்காதவர்களுக்கு 2021-ல் அப்படி ஒரு வாய்ப்பு தந்தார்கள். அதை நம்பி இருந்துவிடாமல் அட்டையில் உள்ள தேதியைக் கைபேசி நாட்காட்டியில் போட்டு வையுங்கள்.

பதிஞ்சு ஏழு வருஷமாச்சு, ஒரு கடிதம்கூட வரலையே?

முதல் பதிலில் சொன்னதுதான் காரணம். மூப்பு அடிப்படையில் நிரப்பும் இடங்கள் மிகக் குறைவு. அவற்றுக்கும் கல்வித் தகுதி, இனச்சுழற்சி (இட ஒதுக்கீட்டு வரிசை), முன்னுரிமைப் பிரிவு எல்லாம் பார்த்துத்தான் பட்டியல் போகும். உங்களுக்கு முன்னால் பதிந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கலாம். பதிவை உயிரோடு வைத்துக்கொண்டு வேறு வழிகளில் நடக்கத் தொடங்குங்கள்.

வேலையில்லாதோர் உதவித்தொகை யாருக்குக் கிடைக்கும்? எவ்வளவு?

பதிந்து, தொடர்ந்து புதுப்பித்து, 5 ஆண்டு முடிந்தவர்களுக்கு. மாதத்துக்கு, பத்தாம் வகுப்பு தோல்வி என்றால் 200 ரூபாய், தேர்ச்சி என்றால் 300, பிளஸ் 2 என்றால் 400, பட்டப்படிப்பு என்றால் 600. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் போடுவார்கள். மொத்தம் 3 ஆண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மிகக் கூடாது. வயது பொதுவாக 40-க்குள், பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 45-க்குள். பொறியியல், மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்பட்டம் படித்தவர்களுக்குக் கிடையாது. கல்லூரிக்கு நேரில் போய்ப் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் கிடையாது. தொலைதூரக் கல்வியில் படிப்பது தடையில்லை.

மாற்றுத்திறனாளிகளுக்கு விதி வேறு: பதிந்து ஓராண்டு ஆனால் போதும், வருமான வரம்பும் வயது வரம்பும் இல்லை. பத்தாம் வகுப்பு வரை 600, பிளஸ் 2-க்கு 750, பட்டத்துக்கு 1,000 ரூபாய், 10 ஆண்டு வரை. இது தெரியாமல் விட்டுவிடும் குடும்பங்கள் நிறைய.

அந்தத் தொகை வாங்கினா சீனியாரிட்டி போயிடும்ங்கறாங்களே?

போகாது. பதிவு மூப்புக்கும் உதவித்தொகைக்கும் தொடர்பில்லை. தொகை நடுவில் நிற்பதற்கு வழக்கமான காரணம் ஆண்டுதோறும் தர வேண்டிய சுய உறுதிமொழி ஆவணத்தைத் தராமல் விடுவது. இன்னொரு காரணம், பதிவைப் புதுப்பிக்க மறப்பது.

ஐடிஐ சேரட்டுமா, மூணு மாசக் கோர்ஸ் சேரட்டுமா?

வயது இருபதுக்குள், வீட்டில் ஓரிரு ஆண்டு பொறுக்க முடியும் என்றால் ஐடிஐ எனும் தொழிற்பயிற்சி நிலையம்தான். இதில் எங்களுக்குத் தயக்கமே இல்லை. ஐடிஐ முடித்து அகில இந்தியத் தொழிற்தேர்வில் தேறினால் வருவது தேசியத் தொழிற்சான்றிதழ், அதாவது என்டிசி. ரயில்வே உதவி ஓட்டுநர் பணி, மின்வாரியக் கள உதவியாளர் பணி, பொதுத்துறை நிறுவனங்களின் தொழிற்பழகுநர் இடங்கள் என்று பல கதவுகளில் கேட்பது அதைத்தான். டிஎன்பிஎஸ்சி-யும் டிப்ளமோ, ஐடிஐ தரத்துக்கென்றே தனித் தேர்வு நடத்துகிறது. மூன்று மாதப் பயிற்சிச் சான்றிதழை அந்த இடங்களில் ஏற்கமாட்டார்கள்.

குறுகிய காலப் பயிற்சி யாருக்கு? ஏற்கெனவே டிகிரியோ டிப்ளமோவோ இருந்து ஒரு குறிப்பிட்ட திறன் மட்டும் குறைகிறவர்களுக்கு. உடனே சம்பளம் வேண்டும் என்ற நிலையில் உள்ளவர்களுக்கும். ஒரு குறும்பயிற்சி முடித்து வேலை கிடைக்கவில்லை என்று இரண்டாவது, மூன்றாவது என்று சேர்ந்துகொண்டே போகிறவர்களைப் பார்க்கிறோம். மூன்று சான்றிதழ் சேர்ந்து ஒரு என்டிசி ஆகாது.

பத்தாவதுல ஃபெயில். ஐடிஐல எடுப்பாங்களா? செலவு எவ்வளவு ஆகும்?

எடுப்பார்கள். வெல்டர், வயர்மேன் போன்ற பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், டர்னர், மெஷினிஸ்ட் போன்றவற்றுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். குறைந்தபட்ச வயது 14. ஆண்களுக்கு 40 வரை, பெண்களுக்கு உச்ச வரம்பே இல்லை. வெல்டர் ஓராண்டு, ஃபிட்டரும் எலக்ட்ரீஷியனும் இரண்டாண்டு.

அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, மிதிவண்டி, சீருடை, காலணி, பாடநூல், வரைபடக் கருவிகள், பஸ் பாஸ் எல்லாம் உண்டு. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும் பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் தனி. இந்தத் தொகைகள் ஆதார் இணைத்த கணக்குக்குத்தான் வரும். கணக்கு திறந்திருந்தும் பணம் வரவில்லை என்றால், வங்கியில் போய் "ஆதார் சீடிங் ஆகியிருக்கா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருக்கும்.

ஐடிஐ போனா அப்புறம் மேல படிக்கவே முடியாதாமே?

தவறான தகவல். பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு ஐடிஐ முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். டிப்ளமோ முடித்துப் பொறியியல் கல்லூரியிலும் நேரடி இரண்டாம் ஆண்டு. பிளஸ் 2-க்கு இணைச் சான்று வேண்டுமானால் அதற்கும் வழி உண்டு. பத்தாம் வகுப்பும் இரண்டாண்டு ஐடிஐயும் முடித்து, பிளஸ் 2 தமிழ், ஆங்கிலத் தாள்களை மட்டும் எழுதித் தேறினால் போதும். எட்டாம் வகுப்போடு ஐடிஐ முடித்தவர்கள் இதே முறையில் பத்தாம் வகுப்பு இணைச் சான்று பெறலாம்.

எந்த டிரேடு எடுத்தா வேலை கிடைக்கும்?

கூட்டத்தைப் பார்க்காமல் உங்கள் ஊரைச் சுற்றி ஐம்பது கிலோமீட்டரில் என்ன ஓடுகிறது என்று பாருங்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் பக்கம் வாகனத் தொழில். அங்கே ஃபிட்டர், மெஷினிஸ்ட், எலக்ட்ரீஷியன். கோவையில் பம்பு, வார்ப்படம், இயந்திர உதிரிபாகம். அங்கே டர்னருக்கும் சிஎன்சி எனும் கணினி இயக்கும் இயந்திரத்தை ஓட்டத் தெரிந்தவருக்கும் தேவை தீர்வதில்லை. ஏசி மெக்கானிக், பிளம்பர் இரண்டும் எந்த ஊரிலும் கைகொடுக்கும். சொந்தமாகவும் செய்யலாம்.

71 அரசு ஐடிஐகளில் டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 'தொழில் 4.0' மையங்கள் அமைத்திருக்கிறார்கள். ரோபோ, மின்வாகனம், சிஎன்சி போன்றவற்றுக்கான கருவிகள் அங்கே உள்ளன. பக்கத்து ஊர் ஐடிஐயில் அந்த மையம் இருந்தால் பத்து கிலோமீட்டர் கூடுதலாகப் போய்வருவது தகும்.

அப்ரண்டிஸ்னா வேலைதானே? அப்புறம் நிரந்தரமாக்குவாங்களா?

அப்ரண்டிஸ், அதாவது தொழிற்பழகுநர், பயிற்சியாளர்தான். 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டப்படி அவர் தொழிலாளி அல்லர். பயிற்சி முடிந்ததும் வேலை தர வேண்டும் என்ற கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. அதைத் தெரிந்துகொண்டே போங்கள், ஆனால் போங்கள். உதவித்தொகை வரும், உண்மையான இயந்திரத்தில் கை பழகும், முடிவில் தேறினால் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ் வரும். ரயில்வேயில் பயிற்சி முடித்தவர்களுக்கு அதன் முதல்நிலைப் பணி நியமனத்தில் 20 சதவீத ஒதுக்கீடு உண்டு.

முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் தங்கள் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுக்கச் சட்டமே சொல்கிறது. பெரம்பூர் ஐசிஎஃப், திருச்சி பெல், நெய்வேலி என்எல்சி அறிவிப்புகளுக்கு மட்டும் எல்லோரும் விண்ணப்பிக்கிறார்கள். உங்கள் ஊர்த் தொழிற்பேட்டையில் நாற்பது பேர் வேலை செய்யும் பட்டறையும் இந்தச் சட்டத்துக்குள்தான் வருகிறது. நேரில் போய்க் கேளுங்கள்.

சேரும் முன் ஒப்பந்தம் அரசு இணையதளத்தில் பதிவாகியிருக்கிறதா, ஒப்பந்த எண் உங்கள் கைக்கு வந்ததா என்று பாருங்கள். பதிவு இல்லாமல் "அப்ரண்டிஸ்" என்று சொல்லி வைத்துக்கொண்டால் சான்றிதழும் வராது, அரசின் பங்குத் தொகையும் வராது. குறைந்த சம்பளத்துக்கு ஓராண்டு உழைத்தது மட்டுமே மிச்சம்.

பி.ஏ., பி.காம். முடிச்சவங்களுக்கு இந்த அப்ரண்டிஸ் எல்லாம் இல்லையா?

உண்டு. பட்டதாரிகளுக்கும் டிப்ளமோ முடித்தவர்களுக்கும் 'நாட்ஸ்' என்ற தனித் திட்டம். தென் மாநிலங்களுக்கான அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது. பொறியியல் அல்லாத பட்டதாரிகளையும் எடுக்கிறார்கள். அரசுப் போக்குவரத்துக் கழகங்கள்கூட இதன்வழி ஆள் எடுக்கின்றன. எந்தெந்த ஆண்டில் படிப்பை முடித்தவர்கள் விண்ணப்பிக்கலாம் என்று ஒவ்வொரு அறிவிப்பிலும் போட்டிருப்பார்கள். அதனால் கடைசிப் பருவத் தேர்வு முடிந்த கையோடு பதியுங்கள்.

பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் 2024 அக்டோபரில் தொடங்கியது. முதலில் அறிவித்த விதிப்படி 21 முதல் 24 வயது, குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள், முழுநேரப் படிப்பிலோ வேலையிலோ இருக்கக் கூடாது. பெரிய நிறுவனத்தில் 12 மாதம், மாதம் 5,000 ரூபாய், சேரும்போது ஒருமுறை 6,000 ரூபாய். வெளியூரில் அறை எடுத்துத் தங்க 5,000 போதாது. உறவினர் வீடோ, வீட்டிலிருந்தே போய்வரும் தூரமோ இருந்தால் மட்டும் எடுங்கள்.

நான் முதல்வன்ல சேர்ந்தா வேலை நிச்சயமா?

2022 மார்ச் 1-ல் தொடங்கிய இந்தத் திட்டத்தைத் தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம் நடத்துகிறது. கல்லூரியில் படிக்கும்போதே பாடத்தோடு திறன் பயிற்சி, பள்ளிப் பிள்ளைகளுக்கு உயர்கல்வி வழிகாட்டல், படித்து முடித்தவர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சி, போட்டித்தேர்வுப் பயிற்சி என்று பல கிளைகள். பயிற்சி உண்டு, நேர்காணலுக்கு அனுப்புவதும் உண்டு. எல்லோருக்கும் வேலை உத்தரவாதம் இல்லை.

குடிமைப் பணித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு இதில் ஒரு நல்ல உதவி இருக்கிறது. தேர்வு வைத்து 1,000 பேரை எடுத்து மாதம் 7,500 ரூபாய் வீதம் 10 மாதம் தருகிறார்கள். முதல்நிலைத் தேர்வில் தேறினால் 25,000 ரூபாய்.

இலவசப் பயிற்சி மையம் நல்லதா இல்லையான்னு வெளியிலிருந்து எப்படிக் கண்டுபிடிக்கிறது?

சேரும் முன் பயிற்சி நடக்கும் நேரத்தில் ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள். சுவரில் இருக்கும் படங்களையும் கணினிகளையும் பார்க்காதீர்கள். வெல்டிங் மையம் என்றால் எத்தனை பூத், ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு எத்தனை ராடு தருகிறார்கள் என்று கேளுங்கள். மூலையில் கிடக்கும் பழைய தகடுகளைப் புரட்டிப் பாருங்கள். விதவிதமான கையால் இழுத்த கோணலும் நேருமான வெல்டு வரிசைகள் நிறைய இருந்தால் பிள்ளைகள் தினமும் கை வைக்கிறார்கள். தகடு புதிதாக, வரிசையாக அடுக்கியபடி இருந்தால் அங்கே வகுப்பு கரும்பலகையில்தான் நடக்கிறது.

தையல் மையத்திலும் இப்படித்தான். திருப்பூர் கம்பெனியில் கேட்பது சிங்கர், ஓவர்லாக், பேட்லாக். இந்த மூன்றும் மோட்டார் இயந்திரங்கள். கால்மிதி இயந்திரத்தில் மட்டும் மூன்று மாதம் பழகிய பெண் அங்கே போய் உட்கார்ந்தால் முதல் நாளே துணி கையை மீறி ஓடும். ஜாக்கெட் தைத்துச் சொந்தமாகச் சம்பாதிக்க நினைப்பவருக்குக் கால்மிதி இயந்திரமே போதும். எதற்காகக் கற்கிறீர்களோ அதற்கான இயந்திரம் அங்கே இருக்கிறதா என்பதே கேள்வி.

அடுத்து, போன அணியில் முடித்த இரண்டு பேரின் எண்ணைக் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் சந்தேகப்படலாம். அவர்களிடம் என்ன வேலை, கைக்கு எவ்வளவு வருகிறது, பிஎஃப் பிடிக்கிறார்களா, மூன்று மாதத்துக்குப் பிறகும் அங்கேயே இருக்கிறார்களா என்று கேளுங்கள். "வேலை கொடுத்துவிட்டோம்" என்று கணக்குக் காட்டிய இடத்தில் ஒரு மாதம்கூடப் பிள்ளைகள் நிற்காமல் திரும்பி வருவது நடக்கிறது. பெரும்பாலும் சம்பளத்தில் தங்கும் செலவும் சாப்பாடும் கழித்த பிறகு மிஞ்சுவது எவ்வளவு என்று யாரும் முன்னாலேயே சொல்லாததுதான் காரணம்.

ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொடுத்தாதான் சேர்ப்போம்ங்கறாங்க. கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். சரிபார்க்கக் காட்டிவிட்டு அங்கேயே திரும்ப வாங்குங்கள், நகலில் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். ஐடிஐ, பாலிடெக்னிக் போன்ற முறையான படிப்பில் மாற்றுச் சான்றிதழ் வாங்கி வைப்பது வழக்கம், அது வேறு. மூன்று மாதப் பயிற்சிக்கு மதிப்பெண் சான்றிதழைப் பிடித்து வைக்க யாருக்கும் உரிமை இல்லை. முன்பணம், பதிவுக் கட்டணம், சீருடைக் கட்டணம் என்று கேட்டாலும் எந்தத் திட்டத்தின் கீழ் நடத்துகிறீர்கள், அனுமதி எண் என்ன என்று கேட்டு மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் சரிபாருங்கள்.

தங்கிப் படிக்கிற பயிற்சிக்குப் பொண்ணை அனுப்பலாமா? பயமா இருக்கு.

பயப்படுவது நியாயம். விசாரித்துவிட்டு அனுப்பலாம். தீன்தயாள் உபாத்யாயா ஊரகத் திறன் பயிற்சித் திட்டம் கிராமப்புற ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கானது. பயிற்சி, தங்குமிடம், உணவு எல்லாம் இலவசம். பொதுவாக 35 வயது வரை, பெண்களுக்கு 45 வரை. தமிழ்நாட்டில் மாநில ஊரக வாழ்வாதார இயக்கம் நடத்துகிறது. உங்கள் ஊராட்சியின் மகளிர் குழுக் கூட்டமைப்பில் கேட்டாலே விவரம் கிடைக்கும்.

விடுதியை நேரில் பாருங்கள். பெண் காப்பாளர் இரவில் தங்குகிறாரா, கைபேசி வைத்துக்கொள்ள விடுகிறார்களா, விரும்பியபோது வீட்டுக்கு வர முடியுமா என்பவை முக்கியம். "பயிற்சி" என்ற பெயரில் நூற்பாலைக்கு ஆள் பிடிக்கும் தரகர்கள் மேற்கு மாவட்டங்களில் நெடுங்காலமாக உண்டு. மூன்று ஆண்டு கழித்து மொத்தமாக ஒரு தொகை தருவோம், கல்யாணத்துக்கு உதவும் என்று யாராவது பேசினால் அது அரசுப் பயிற்சி அல்ல.

பத்து வருஷமா வெல்டிங் வேலை பார்க்கறேன், எந்தச் சர்டிபிகேட்டும் இல்ல. இனிமே போய்ப் படிக்க முடியாது. என்ன செய்ய?

படிக்காமலே சான்றிதழ் பெற இரண்டு வழி. ஒன்று, அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுதுவது. 21 வயது ஆகி, அந்தத் தொழிலில் 3 ஆண்டு அனுபவம் இருந்தால் விண்ணப்பிக்கலாம். அனுபவச் சான்று வேண்டும். பட்டறை முதலாளியிடம் இப்போதே எழுதி வாங்கி வையுங்கள், அவர் கடையை மூடிய பிறகு தேடி அலைவது கடினம். தேறினால் கிடைப்பது அதே என்டிசி. செய்முறையில் நீங்கள் தேறிவிடுவீர்கள். தடுக்குவது எழுத்துத் தேர்விலும் கணக்கிலும் வரைபடத்திலும்தான். அரசு ஐடிஐயில் பழைய வினாத்தாள் வாங்கிப் பழகுங்கள்.

இரண்டாவது, முன்கற்றல் அங்கீகாரம் எனும் ஆர்பிஎல். சில நாள் அறிமுக வகுப்பு, பிறகு மதிப்பீடு. சீக்கிரம் கிடைக்கும், ஆனால் அரசு வேலைக்கு என்டிசி-யின் இடத்தை நிரப்பாது.

குரூப் 4-க்கு ஆயிரக்கணக்குல கட்டி கோச்சிங் போகணுமா?

கட்டாயமில்லை. மாவட்ட வேலைவாய்ப்பு மையங்களின் தன்னார்வப் பயிலும் வட்டங்களில் இலவச வகுப்பும் மாதிரித் தேர்வும் நடக்கின்றன. நூல்களும் உண்டு. துறையின் மெய்நிகர் கற்றல் தளத்தில் பாடக்குறிப்புகளும் காணொலிகளும் கிடைக்கும். தேர்வில் 200 கேள்வி, 300 மதிப்பெண். அதில் 100 கேள்வி தமிழ், 75 பொது அறிவு, 25 திறனறிவு. தமிழ்ப் பகுதியில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. பள்ளித் தமிழ்ப் புத்தகங்களை ஆறாம் வகுப்பிலிருந்து வரி விடாமல் படிப்பதுதான் அடித்தளம், அதற்குப் பணம் தேவையில்லை.

எத்தனை முறை எழுதுவது என்று தொடங்கும்போதே வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். இரண்டு தேர்வுச் சுற்றுக்குப் பிறகும் கட்-ஆஃப்புக்கு முப்பது நாற்பது மதிப்பெண் கீழே நின்றால் முழுநேரப் படிப்பை விட்டு ஒரு வேலையில் சேர்ந்துகொண்டே எழுதுங்கள். இருபத்தெட்டு, முப்பது வயது வரை எந்த வேலை அனுபவமும் இல்லாமல் போனால் தனியார் நிறுவனத்திலும் கதவு சாத்தப்படும். அந்த நிலைக்கு வந்து நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனசு கனக்கிறது.

சொந்தமா தொழில் பண்ண லோன் உண்டாமே? எந்தத் திட்டம்?

முதலில் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம் போங்கள். மாவட்டத்துக்கு ஒன்று, முன்னோடி வங்கி நடத்துவது. 10 நாள் மாடு வளர்ப்பு முதல் 30 நாள் செல்போன் பழுதுநீக்கம், இருசக்கர வாகன மெக்கானிக் வரை இலவசம், சாப்பாடும் உண்டு. பயிற்சிக்குப் பிறகு இரண்டு ஆண்டு கண்காணித்துக் கடன் வாங்கவும் உதவுவார்கள்.

கடன் திட்டங்களுக்கு மாவட்டத் தொழில் மையம். படித்த வேலையற்ற இளைஞர் திட்டம் எனும் யுஒய்இஜிபி-யில் 15 லட்சம் வரையான தொழிலுக்கு 25 சதவீத மானியம், உச்சம் 3.75 லட்சம். எட்டாம் வகுப்பு போதும். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டமான பிஎம்இஜிபி-யில் உற்பத்திக்கு 50 லட்சம், சேவைக்கு 20 லட்சம் வரை. மானியம் ஊரையும் பிரிவையும் பொறுத்து 15 முதல் 35 சதவீதம். பட்டம், டிப்ளமோ, ஐடிஐ முடித்துப் பெரிதாகத் தொடங்குவோருக்குப் புதிய தொழில்முனைவோர் திட்டமான 'நீட்ஸ்'. பட்டியலின, பழங்குடியினருக்கு அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மானியம்.

மானியத்தை யாரும் கையில் தர மாட்டார்கள். பிஎம்இஜிபி-யில் அது மூன்று ஆண்டு வங்கியிலேயே வைப்பாக இருந்து, தொழில் உண்மையாக நடக்கிறது என்று பார்த்த பிறகே கடனில் கழிக்கப்படும். விண்ணப்பம் வங்கியில் நின்றுபோக மூன்று காரணங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. முன்பு எடுத்த செல்போன் இஎம்ஐ தவணை தவறி, கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று காட்டும் சிபில் மதிப்பெண் கெட்டிருப்பது, இடத்துக்கு வாடகை ஒப்பந்தம் இல்லாதது, வேறு யாருடையதையோ நகலெடுத்த திட்ட அறிக்கை. மேலாளர் "மாதம் எத்தனை கிலோ விற்பீர்கள், யாருக்கு?" என்று கேட்டதும் பதில் வராவிட்டால் அங்கேயே முடிந்தது.

வெளிநாட்டு வேலைன்னு ஏஜென்ட் ரெண்டு லட்சம் கேட்கறார். அரசு மூலமா வழி இருக்கா?

இருக்கிறது. 1978 முதல் இயங்கும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் தமிழ்நாடு அரசுடையது. செவிலியர், ஓட்டுநர், வெல்டர், எலக்ட்ரீஷியன் போன்றோருக்கு அறிவிப்பு வரும். தனியார் முகவர் என்றால் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் உரிமம் உள்ளவரா என்று பாருங்கள். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். ரசீது கட்டாயம். சுற்றுலா விசாவில் வேலைக்கு அனுப்புகிறேன் என்றால் அன்றோடு பேச்சை முறித்துவிடுங்கள். கம்போடியா, மியான்மர், தாய்லாந்து பக்கம் "டேட்டா என்ட்ரி" வேலை என்று போன தமிழ்ப் பிள்ளைகள் இணைய மோசடிக் கூடங்களில் அடைபட்டு மீட்கப்பட்டிருக்கிறார்கள்.

எனக்கு என்ன வரும்னே தெரியல. யார்கிட்ட போய்க் கேட்கிறது?

மாவட்ட வேலைவாய்ப்பு மையத்தின் பெயரிலேயே தொழில்நெறி வழிகாட்டல் இருக்கிறது. அலுவலக நேரத்தில் போய் "தொழில்நெறி வழிகாட்டல் வேணும்" என்று சொல்லுங்கள். பதிவுக்கு வந்தவர் என்று நினைத்து வரிசையில் நிறுத்திவிடக் கூடாது. போகும் முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: படிப்பும் மதிப்பெண்ணும், வீட்டில் எவ்வளவு காலம் பொறுப்பார்கள், வெளியூர் போக முடியுமா, கையால் செய்கிற வேலை பிடிக்குமா ஆட்களோடு பேசுகிற வேலை பிடிக்குமா. இது இருந்தால் பேச்சு பத்து நிமிடத்தில் பயனுள்ள இடத்துக்கு வரும்.

பிளஸ் 2 முடித்தும் கல்லூரி சேராதவர்களுக்கும், தோல்வியடைந்து நின்றவர்களுக்கும் 'உயர்வுக்குப் படி' முகாம்கள் நடக்கின்றன. பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணிலும் வழிகாட்டல் கேட்கலாம்.

பயிற்சி முடிச்சு நாலு மாசமாச்சு. வேலை தர்றோம்னவங்க போனே எடுக்கல. யார்கிட்ட புகார் பண்ணறது?

முதலில் உங்கள் மதிப்பீட்டுத் தேர்வு முடிந்து சான்றிதழ் வந்துவிட்டதா என்று பாருங்கள். வருகைப்பதிவு குறைந்திருந்தால் மதிப்பீட்டுக்கே அனுப்பியிருக்க மாட்டார்கள். கைரேகைக் கருவி வேலை செய்யாத நாட்களை மையம் எழுத்தில் பதியாமல் விட்டிருந்தாலும் இது நேரும். அப்படியென்றால் வகுப்பில் எடுத்த புகைப்படம், வாட்ஸாப் குழுச் செய்திகள் எல்லாம் சான்றாகும், அழித்துவிடாதீர்கள்.

பிறகு பயிற்சியின் பெயர், அணி எண், தொடங்கிய தேதி, முடிந்த தேதி, மையத்தின் பெயர் போட்டு ஒரு பக்கத்தில் மனு எழுதி மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் கொடுங்கள். ஊரகத் திறன் பயிற்சி என்றால் மகளிர் திட்ட அலுவலகத்தில். கூடப் படித்த நான்கைந்து பேர் சேர்ந்து கையெழுத்திட்டால் தனிநபர் சண்டை என்று ஒதுக்க முடியாது. பதினைந்து நாளில் பதில் இல்லையென்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்திலோ 1100 என்ற முதல்வர் உதவி மைய எண்ணிலோ பதிந்து, மனு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். அந்த மனு எண் இருந்தால்தான் அடுத்த முறை போகும்போது உங்கள் மனு எந்த மேசையில் இருக்கிறது என்று சொல்ல முடியும்.